ஆற்றில் போட்டாலும்

ஜனவரி மூன்றாம் வாரம், டோலன் ஆற்றுப் படகுத்துறை.
மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
காலையிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது.
அட்டையில் செருகிய படிவம்,
ஈரத்திலும் எழுதும் பென்சில்,
இலாகா கொடுத்த மஞ்சள் கோட்டு.
கரையேறும் ஒவ்வொரு படகிடமும் மூன்று கேள்வி:
எத்தனை மணி நேரம்?
எத்தனை பிடித்தீர்கள்?
துடுப்பு இருந்ததா?

படகுத் துடுப்பைக் கேட்கவில்லை.
ஸ்டீல்ஹெட்டின் முதுகு முடிந்து வால் தொடங்கும் முன்
சுண்டுவிரல் நகமளவு ஒரு சதை,
அதைக் கேட்கிறேன்.
பொரிப்பகத்துக் குஞ்சுகளுக்கு விரல்நீளத்திலேயே
அதை நறுக்கிவிடுகிறார்கள், வரிசையில் வைத்து,
காதுகுத்து மாதிரி,
மாமன் மடி மட்டும் கிடையாது.
கடலுக்குப் போய், தின்று கொழுத்து,
கைநீள வெள்ளியாய்த் திரும்பி வந்தாலும்
அந்த இடம் மொட்டைதான்.

மொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.
துடுப்புள்ளது இந்த ஆற்றுக் கூழாங்கல்லில் பிறந்தது.
அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது,
முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.

விட்டதையும் நான் எழுதுகிறேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.
விட்டவற்றில் பத்துக்கு ஒன்று பிறகு சாகும்,
எது அந்த ஒன்று என்று தெரியாது.
ஆகவே என் படிவத்தில் ஒவ்வொரு மீனும்
பத்தில் ஒரு பங்கு செத்துப்போகிறது,
மீதி ஒன்பது பங்கு நீந்திப் போகிறது.
பருவத்துக்கு நாற்பது சாவு அனுமதி.
தாண்டினால் ஆற்றை மூட வேண்டும்,
மொட்டைகளுக்கும் சேர்த்து.

நேற்றிரவு பழங்குடி மீன்வள அலுவலகத்திலிருந்து லவோன் பேசினாள்.
"முப்பத்தொன்பது புள்ளி ஏழு" என்றாள்.
அவள் ஆட்கள் டிசம்பரிலேயே வலையைச் சுருட்டிவிட்டார்கள்.
அதை அவள் சொல்லவில்லை.

இன்று ஒன்பது படகுகள்.
எட்டில் இரண்டு மொட்டை, ஒரு சளி, நிறைய வெறுங்கை.
ஒன்பதாவது ஆர்விட் ஹாக்லனுடையது.
மார்ச் கடைசிவரை அவர் படகில் இடமில்லை,
முன்பணம் வாங்கி, டிரக் தவணையும் கட்டியாயிற்று.
பெட்ரோல் பங்க்கில் காபி குடிக்கிற எவருக்கும்
இன்றைய எண் தெரியும்.
அவருக்கும் தெரியும்.

கூட வந்தவர் டென்வர் பல் மருத்துவர்.
போனை என் மூக்கருகே நீட்டினார்:
தண்ணீருக்குள் ஒரு பெட்டை மீன், சிவக்கத் தொடங்கிய கன்னம்,
அதன் கீழே நடுங்கும் அவருடைய இரு கை.
"மூன்று" என்றார் ஆர்விட். "மூன்றுக்கும் துடுப்பு."
எழுதினேன். கூட்டினேன்.
நாற்பது புள்ளி பூஜ்யம்.
தாண்டவில்லை.
சனி ஞாயிறு பிழைத்தது.

அவர் படகை டிரெய்லரில் ஏற்றினார்.
கயிறு கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
பிறகு திரும்பி நடந்து வந்தார்.

"நாலு."
"கைக்கு வந்ததா? வந்தால்தான் கணக்கு."
கதவை நான் திறந்துதான் வைத்தேன்.
"நழுவியிருந்தால் எழுத மாட்டேன், ஆர்விட்.
அந்த வெளிச்சத்தில் துடுப்பு எப்படித் தெரியும்?"
"வாலைப் பிடித்தேன்" என்றார்.
கோபமாக. என் மேல்தான்.
"எழுது."

புள்ளிக்குப் பின்னால் ஒன்று.
பல் மருத்துவர் வண்டிக்குள் இருந்து
இன்னும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் கழித்து ஆறு மூடியது.
மீன்களுக்கு அறிவிப்பு எதுவும் போகவில்லை.
மொட்டைகள் தாங்கள் பிறந்த சிமெண்டுத் தொட்டியைத் தேடி
ஏணியடியில் முட்டிக்கொண்டு நிற்கும்.
மற்றவை பாலத்துக்கு மேலே எங்கோ
பெயரில்லாத ஓடையில் திரும்பிவிடும்,
யாரும் எண்ணாத இடத்தில்.

காலையில் பலகையில் அறிவிப்பை அடிக்கப் போனேன்.
ஆர்விட்டின் டிரக் அங்கே நின்றது.
தூண்டில் இல்லை, பிளாஸ்க் மட்டும்.
முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவதும்.
அவர் இறங்கிவந்து தன் பெட்டியைத் துழாவி
ஒன்றை என் கையில் வைத்தார்.
"துருப்பிடிக்காதது" என்றார்.
"அடுத்த வருஷமும் வேண்டியிருக்கும்."